குழந்தைகளின் மனநலமும் வீட்டுப் பழக்கங்களும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தையின் மனநலம் என்று பேச்செடுத்தாலே பெரும்பாலான பெற்றோரின் எண்ணம் நேராக நோய்களின் பெயர்களுக்கும் மருத்துவமனை வாசலுக்கும் போய்விடுகிறது. வீட்டின் பங்கோ அதற்கு வெகு முன்பே, தூக்கம், சாப்பாடு, விளையாட்டு, பேச்சு என்ற அன்றாட நடைமுறைகளில் தொடங்கிவிடுகிறது. கீழே உள்ள பதில்கள் ஏறத்தாழ 3 வயது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை வளர்ப்போருக்கானவை. உங்கள் பிள்ளையை ஏற்கெனவே ஒரு மருத்துவர் பார்த்து வருகிறார் என்றால், இங்குள்ள பொதுவான பரிந்துரைகளைவிட அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

சின்னப் பிள்ளைக்கு என்ன கவலை இருக்கப்போகிறது? குழந்தைகளுக்கும் மனநலப் பாதிப்பு வருமா?

வரும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்போடு வாழ்கிறார். வாழ்நாளில் மனநலப் பாதிப்புக்கு ஆளாகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகிறது என்று 2005-ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் பெரியவர்களிடம் துயரம் வெளிப்படும் விதத்தில் குழந்தைகளிடம் அது வெளிப்படுவதில்லை. மனச்சோர்வில் இருக்கும் பெரியவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒடுங்கிவிடலாம். அதே நிலையில் உள்ள பிள்ளை தொட்டதற்கெல்லாம் சிடுசிடுக்கலாம், தம்பி தங்கையை அடிக்கலாம், காரணம் கண்டுபிடிக்க முடியாத வயிற்றுவலியோடு காலையில் எழலாம். திமிர், சோம்பல், நடிப்பு என்று வீட்டில் பெயர் சூட்டப்படுகிறவற்றில் ஒரு பகுதி இப்படிப்பட்டதுதான்.

அதற்காகப் பிள்ளை எந்நேரமும் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. தோற்றால் அழுவதும், நண்பன் பேசாவிட்டால் வருந்துவதும், தேர்வுக்கு முன் வயிறு கலங்குவதும் நலமான மனத்தின் வேலைகளே.

வழக்கமான பிடிவாதம் எது, கவனிக்க வேண்டிய அறிகுறி எது என்று எப்படிப் பிரித்தறிவது?

அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியாது. உங்கள் பிள்ளையை அதே பிள்ளையின் முந்தைய இயல்போடு ஒப்பிட்டால்தான் தெரியும். இயல்பிலேயே கூச்சமுள்ள பிள்ளை தனியாக அமர்ந்து படம் வரைவதில் கவலைப்பட ஒன்றுமில்லை. நாள் முழுவதும் கூட்டத்தோடு ஆடித்திரிந்த பிள்ளை இரண்டு வாரமாக அறையை விட்டு வெளியே வராவிட்டால் கவலைப்பட வேண்டும். எவ்வளவு காலமாக நடக்கிறது, எத்தனை இடங்களில் நடக்கிறது, அன்றாட வாழ்வை எவ்வளவு முடக்குகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே மருத்துவர்களும் கையாளும் வழி. மனச்சோர்வைக் கணிக்கும்போது, அறிகுறிகள் இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாள்களில் இருந்தனவா என்று அவர்கள் கேட்கிறார்கள். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள குறைபாட்டைக் கணிக்க வேண்டுமானால், அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்படவும் வேண்டும். ஆகவே வீட்டில் மட்டும் அடங்காமல் இருந்து, பள்ளியில் ஒழுங்காக இருக்கும் பிள்ளையைப் பற்றி அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. அது பெரும்பாலும் நாள் முழுவதும் தன்னை அடக்கிக்கொண்ட களைப்பை நம்பிக்கையான இடத்தில் கொட்டுகிறது.

தூக்கமும் பசியும் சட்டென்று மாறுவது, பிடித்த விளையாட்டிலேயே ஆர்வம் போவது, மதிப்பெண்கள் காரணமின்றிச் சரிவது, பல மாதங்களாகப் படுக்கையை நனைக்காத குழந்தை மீண்டும் நனைக்கத் தொடங்குவது, பள்ளி நாள்களில் மட்டும் தலைவலி வருவது, தன்னைப் பற்றியே இழிவாகப் பேசுவது ஆகியவை நீடித்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தேதியோடு எழுதிய நான்கு வரிக் குறிப்பு, பிற்பாடு மருத்துவரிடம் நினைவிலிருந்து சொல்லும் நீண்ட கதையைவிடப் பயன்படும்.

வீட்டில் எதையாவது மாற்ற வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

தூக்கத்திலிருந்து. இது என் உறுதியான கருத்து. பேச்சு, ஒழுக்கம், படிப்பு, கைப்பேசி என்று பெற்றோர் போராடும் இடங்களில் பாதி, பிள்ளை போதிய அளவு தூங்கத் தொடங்கியதும் தானாகவே சிறிதாகிவிடுகின்றன. தூக்கம் குறைந்த குழந்தை பெரியவர்களைப் போலச் சோர்ந்து உட்காருவதில்லை. மாறாக அதிகமாகத் துள்ளும், எளிதில் உடைந்து அழும், கவனம் சிதறும். அதைப் பார்க்கிறவர்களுக்கு நடத்தைக் கோளாறு போலவே தோன்றும்.

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 24 மணி நேரத்தில் 3 முதல் 5 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரமும், 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. இந்தக் கணக்கைப் பிள்ளை எழ வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். காலை 6 மணிக்கு எழ வேண்டிய 9 வயதுப் பிள்ளை இரவு 9 மணிக்குத் தூங்கியிருக்க வேண்டும், அதாவது 8.30-க்கே விளக்கைக் குறைத்துப் படுக்கைக்குப் போயிருக்க வேண்டும். பல வீடுகளில் அந்த நேரத்தில்தான் வீட்டுப்பாடமே தொடங்குகிறது.

படுக்கைக்குப் போகும் முன் நடக்கிறவை ஒவ்வொரு நாளும் ஒரே வரிசையில் நடக்கட்டும். பல் துலக்குவது, உடை மாற்றுவது, ஒரு கதை, பிறகு விளக்கு என்ற அளவில் எளிய வரிசையே போதும். கடிகாரம் பார்க்கத் தெரியாத குழந்தைக்கு இந்த வரிசைதான் கடிகாரம். விடுமுறை நாள்களில் எழும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொண்டால், வாரத்தின் முதல் நாள் காலையில் நடக்கும் சண்டை கணிசமாகக் குறையும். குறட்டை சத்தமாக இருந்தாலோ, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது போலத் தெரிந்தாலோ அதை வீட்டுப் பழக்கத்தால் சரிசெய்ய முடியாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பதின்ம வயதுப் பிள்ளை நள்ளிரவு வரை விழித்திருக்கிறது. இது வீம்பா?

முழுவதும் வீம்பல்ல. பூப்பெய்தும் பருவத்தில் உடலின் உள்கடிகாரமே பின்னுக்கு நகர்கிறது. தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்ற சுரப்பு முன்பைவிட ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. ஆகவே 10 வயதில் 9 மணிக்குத் தூங்கிய பிள்ளைக்கு 15 வயதில் அந்த நேரத்தில் கண் சொருகாது. உங்களால் செய்யக்கூடியது, இந்த இயற்கையான தாமதத்தின் மேல் கைப்பேசி இன்னும் இரண்டு மணி நேரத்தைச் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்வது, காலையில் எழுந்ததும் வெளிச்சத்தில் சிறிது நேரம் இருக்கச் செய்வது, மாலைக்குப் பிறகு காபி, ஆற்றல் பானங்கள் போன்றவற்றைத் தவிர்ப்பது ஆகியவை. பள்ளி தொடங்கும் நேரம் உங்கள் கையில் இல்லை. அதற்கான பழியைப் பிள்ளையின் மேல் போடாமல் இருப்பதாவது உங்கள் கையில் இருக்கிறது.

எத்தனை மணி நேரம் வரை திரை பார்க்கலாம்?

சிறு குழந்தைகளுக்கு மட்டும் தெளிவான எண்கள் உள்ளன. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 2 வயது நிறையாத குழந்தைக்குத் திரை வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வெளியூரில் உள்ள தாத்தா பாட்டியோடு முகம் பார்த்துப் பேசுவதை யாரும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பதற வேண்டியதில்லை.

அதற்கு மேற்பட்ட வயதினருக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம்கூட, பெரிய பிள்ளைகளுக்கு முன்பு சொல்லிவந்த இரண்டு மணி நேர வரம்பை 2016-இல் கைவிட்டு, ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஒரு திட்டம் வகுத்துக்கொள்ளச் சொன்னது. திரை எதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று பார்ப்பதே சரியான அளவுகோல். தூக்கம், ஓடியாடுவது, வீட்டுப்பாடம், நேரில் பேசிப் பழகுவது ஆகிய நான்கும் குறைவின்றி நடந்த பிறகு மிஞ்சும் நேரத்தில் பிள்ளை விளையாட்டுக் காணொளி பார்ப்பதற்காகப் பெற்றோர் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. அந்த நான்கில் ஒன்று தேயத் தொடங்கினால், ஒரு மணி நேரமே பார்த்தாலும் அது அதிகம்.

விதிகள் குறைவாகவும் விதிவிலக்கு இல்லாமலும் இருக்கட்டும். இரவில் எந்தக் கருவியும் படுக்கையறையில் இருக்கக் கூடாது. சாப்பிடும்போது யார் கையிலும் கைப்பேசி இருக்கக் கூடாது. இந்த இரண்டை மட்டும் ஓராண்டு காப்பாற்றினாலே பெரிய காரியம். 'யார் கையிலும்' என்பதில் அப்பாவும் அம்மாவும் அடக்கம். பெரியவர்கள் மீறும் நாளில் அந்த விதி செத்துவிடும்.

கைப்பேசியை வாங்கி வைத்தால் பிள்ளை கத்துகிறது என்பதை மட்டும் வைத்து அடிமையாகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது. 2022-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு, காணொளி விளையாட்டுக் கோளாறை ஒரு நோய்நிலையாக ஏற்றுக்கொண்டுள்ளது. விளையாட்டின் மேல் கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் தருவது, கெடுதல் நேர்ந்தும் தொடர்வது ஆகிய மூன்றும், பொதுவாக 12 மாதமாவது நீடித்து, வாழ்க்கையைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதித்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

உடற்பயிற்சிக்கும் மனத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, உடலசைவு மிகுந்த பிள்ளைகளிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைவாகக் காணப்படுகின்றன, தூக்கமும் ஆழமாக வருகிறது. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு வாரம் முழுவதும் கணக்கிட்டால் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. இதை ஒரே மூச்சில் செய்து முடிக்க வேண்டியதில்லை. பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பயிற்சியாளரின் விசிலுக்கு ஓடுவது வேறு, பிள்ளைகள் தாங்களே விதி வகுத்து, சண்டையிட்டு, சமாதானமாகி விளையாடுவது வேறு. விட்டுக்கொடுப்பதையும் தோற்பதையும் பிள்ளை இரண்டாவதில்தான் அதிகம் கற்கிறது. ஓய்வுக்கும் விளையாட்டுக்குமான உரிமையை 1989-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கை தன் 31-ஆம் பிரிவில் தனியாகவே சேர்த்திருக்கிறது.

சாப்பாட்டு நேரம் தினமும் போர்க்களமாகிறது. என்ன செய்வது?

எதை, எப்போது, எங்கே சாப்பிடுவது என்பதைப் பெரியவர் முடிவு செய்யட்டும். சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். எலின் சாட்டர் என்ற உணவியல் வல்லுநர் வகுத்த இந்தப் பொறுப்புப் பிரிவினை பல குடும்பங்களில் சண்டையைக் குறைக்கிறது. புதிய உணவு ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்து முறைக்கு மேல்கூட அதைத் தட்டில் பார்க்க வேண்டியிருக்கலாம் என்பதால், இரண்டாம் முறையிலேயே 'இவனுக்கு இது பிடிக்காது' என்று முத்திரை குத்திவிட வேண்டாம். பிள்ளையின் உடல் பருமனைப் பற்றியோ ஒல்லியைப் பற்றியோ சாப்பாட்டு வேளையில் கேலியாகக்கூடப் பேசக் கூடாது. பதின்ம வயதில் சாப்பாட்டை ஒளிப்பது, சாப்பிட்டதும் கழிவறைக்கு விரைவது, எடை வேகமாகக் குறைவது ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

'பள்ளியில் என்ன நடந்தது?' என்றால் 'ஒன்றுமில்லை' என்ற பதில்தான் வருகிறது. பிள்ளையை எப்படிப் பேச வைப்பது?

பேச வைக்க முடியாது. பேசத் தோன்றும் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்க முடியும். வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்கப்படும் கேள்வி பிள்ளையின் காதில் விசாரணையாகவே விழுகிறது. அதைவிட, கைகள் வேறு வேலையில் இருக்கும்போதும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லாதபோதும் பேச்சு எளிதாக வரும். துணி மடிக்கும்போது, நடந்து போகும்போது, விளக்கை அணைத்த பிறகு வரும் பேச்சு அத்தகையது. அப்படி ஏதாவது சொன்னால் உடனே தீர்வு சொல்லவோ, தீர்ப்பு வழங்கவோ வேண்டாம். 'என்னை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை' என்று பிள்ளை சொன்னதும் 'நீ போய் நன்றாகப் பேசினால் சேர்த்துக்கொள்வார்கள்' என்பது அன்போடு சொல்லப்பட்டாலும் பேச்சை அங்கேயே முடித்துவிடுகிறது. 'அது வேதனையாக இருந்திருக்கும்' என்று சொல்லிவிட்டு அமைதியாக இருந்து பாருங்கள். அடுத்த வாக்கியம் பெரும்பாலும் பிள்ளையிடமிருந்தே வரும்.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது வெறும் சம்பிரதாயமல்ல. 2007-இல் மேத்யூ லீபர்மேன் குழுவினர் பெரியவர்களிடம் நடத்திய மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், ஒரு முகத்தில் தெரியும் உணர்ச்சியைச் சொல்லால் குறிப்பிட்டபோது, அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் கிளர்ச்சி குறைந்தது. கோபம், ஏமாற்றம், பொறாமை, அவமானம், தவிப்பு என்று வெவ்வேறு சொற்கள் வீட்டுப் பேச்சில் புழங்கினால், பிள்ளை எல்லாவற்றையும் கோபமாகவே காட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் போகும்.

நாளுக்குப் பத்து நிமிடமாவது பாடம், மதிப்பெண், அறிவுரை எதுவும் கலக்காமல், பிள்ளை தேர்ந்தெடுத்த விளையாட்டில் அதன் விருப்பப்படி கூட இருங்கள். இதைவிடச் செலவில்லாத மருந்து எதையும் நான் அறியேன்.

அடம் பிடித்து உருண்டு அழும்போது என்ன செய்வது?

1 முதல் 4 வயது வரை இது வளர்ச்சியின் ஒரு பகுதி. ஆத்திரத்தை அடக்கும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. 3 வயதில் அந்த அடக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. உச்சத்தில் இருக்கும் குழந்தையிடம் காரணகாரியம் பேசுவது வீண். அடிபடாமல் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் இருங்கள். கேட்டது கூடாது என்றால் அழுகைக்குப் பிறகும் கூடாது. அரை மணி நேரம் அழுத பிறகு கொடுத்தால், அரை மணி நேரம் அழ வேண்டும் என்பதையே கற்றுக்கொள்ளும். அணைத்துக்கொள்வது செல்லம் கொடுப்பதாகாது.

அடிக்காமல் பிள்ளையை வளர்க்க முடியுமா?

முடியும். ஸ்வீடன் 1979-இல் உலகிலேயே முதல் நாடாக, வீட்டில் பெற்றோர் அடிப்பதையும் சட்டத்தால் தடை செய்தது. அதற்குப் பிறகு பல நாடுகள் அதே வழியில் சென்றுள்ளன. 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அடி வாங்கிய பிள்ளைகளிடம் கீழ்ப்படிதல் வளர்ந்ததாக அதில் தெரியவில்லை. முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும் மிகுந்திருந்ததே தெரிந்தது. 'நாங்களும் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்' என்று சொல்கிறவர்கள், அடி வாங்கியதால் நன்றாக வளர்ந்தார்களா, வாங்கியும் நன்றாக வளர்ந்தார்களா என்பதைச் சற்று யோசிக்கலாம். அடியின் இடத்தில் வைக்க வேண்டியது கண்டிப்பே: முன்கூட்டியே சொல்லப்பட்ட விதி, தவறோடு தொடர்புள்ள சிறிய விளைவு, அது முடிந்ததும் பழையபடி இணக்கம். தண்ணீரைக் கொட்டிய பிள்ளை தரையைத் துடைக்கட்டும். அதற்காக மாலை விளையாட்டைப் பறிப்பதில் பாடம் எதுவும் இல்லை.

கோபத்தில் நீங்கள் கத்திவிட்டால், அமைதியான பிறகு பிள்ளையிடம் போய், 'நான் கத்தியது தவறு' என்று சொல்லுங்கள். 'ஆனாலும் நீ செய்ததும்...' என்று அதற்கு வால் சேர்க்க வேண்டாம்.

பள்ளி, இருட்டு, கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் பயப்படுகிறது. பயப்படும் இடத்துக்கு அனுப்பாமல் இருப்பதுதானே அன்பு?

அன்பு எளிதில் வழிதவறும் இடம் இது. பயப்படும் இடத்தைத் தவிர்த்தால் பிள்ளைக்கு உடனே நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே 'அங்கே உண்மையிலேயே ஆபத்து இருந்தது, நல்லவேளை தப்பித்தேன்' என்று மனத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் பெரிதாகிறது. பிள்ளைக்குப் பதிலாகக் கடைக்காரரிடம் பேசுவது, ஒரே உறுதிமொழியைப் பத்து முறை திரும்பச் சொல்வது, இரவு முழுவதும் பக்கத்திலேயே படுப்பது போன்ற பெற்றோரின் விட்டுக்கொடுப்புகள் பயத்துக்குத் தீனி போடுகின்றன. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய ஒரு சிகிச்சை முறையில் மருத்துவர் பிள்ளையைச் சந்திப்பதே இல்லை. பெற்றோர் தங்கள் விட்டுக்கொடுப்புகளைப் படிப்படியாகக் குறைக்கப் பழகுகிறார்கள். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும், பிள்ளைகளுக்கு நேரடியாக அளிக்கப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு அது குறைந்ததல்ல என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் பிள்ளையைத் தள்ளிவிடுவதும் வழியல்ல. பயத்தைப் படிகளாகப் பிரியுங்கள்: முதலில் கதவு திறந்த அறையில் விளக்கோடு, பிறகு கதவு பாதி மூடி, பிறகு சிறு விளக்கோடு என்று ஒவ்வொரு படியிலும் சில நாள் நின்று, பயம் தானாக இறங்கிய பிறகு அடுத்த படிக்குப் போகலாம். 'பயப்பட ஒன்றுமில்லை' என்பதைவிட 'பயமாகத்தான் இருக்கும், உன்னால் அதோடு சமாளிக்க முடியும்' என்பது உண்மையாகவும் உதவியாகவும் இருக்கும். பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளையின் விஷயத்தில் மட்டும் முதலில் ஒன்றை உறுதிசெய்ய வேண்டும். அங்கே யாராவது கேலி செய்கிறார்களா, அடிக்கிறார்களா, தகாத முறையில் தொடுகிறார்களா, பாடம் புரியாமல் தவிக்கிறதா என்று விசாரியுங்கள். உண்மையான ஆபத்து இருந்தால் அதை அகற்றுவது பெரியவர்களின் வேலை. தைரியம் ஊட்டுவது அதற்கு ஈடாகாது.

பாராட்டினால் கர்வம் வந்துவிடாதா?

எதைப் பாராட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. 1998-இல் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், 'நன்றாக முயன்றாய்' என்று பாராட்டப்பட்டவர்களைவிட, ஒரு தோல்விக்குப் பிறகு சீக்கிரம் தளர்ந்தார்கள். புத்திசாலி என்ற பட்டத்தைக் காப்பாற்ற வேண்டியிருப்பவருக்குக் கடினமான கணக்கு ஓர் ஆபத்து. ஆகவே செய்த காரியத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்: 'இரண்டு முறை தவறியும் வேறு வழியில் போட்டுப் பார்த்தாயே.' குறைந்த மதிப்பெண்ணோடு வந்த நாளில் வீட்டில் கிடைக்கும் வரவேற்பைப் பிள்ளை வெகுநாள் மறப்பதில்லை.

கணவன் மனைவி சண்டை, பெற்றோரின் மனச்சோர்வு ஆகியவை பிள்ளையைப் பாதிக்குமா?

பாதிக்கும், மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தாலும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். கருத்து வேறுபாடே இல்லாத வீடு எங்கும் இல்லை. மாதக்கணக்கில் தீராத பகை, மிரட்டல், ஒருவரைப் பற்றி ஒருவர் பிள்ளையிடம் குறை சொல்லித் தூதனுப்புவது ஆகியவைதாம் நொறுக்குகின்றன. பிள்ளையின் முன்னால் சண்டை வந்துவிட்டால், சமாதானமும் அதன் முன்னாலேயே நடக்கட்டும். 'இதற்கு நீ காரணமில்லை' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், ஏனென்றால் சிறு பிள்ளைகள் தாமே காரணம் என்றுதான் முதலில் நினைக்கும். அடி, உதை, மிரட்டல் நடக்கும் வீட்டில் பொறுமையை அறிவுரையாகச் சொல்ல முடியாது. அங்கே பாதுகாப்பான இடத்தைத் தேடுவதே முதல் வேலை.

மனச்சோர்வு உள்ள தாய்மாருக்கு அளித்த சிகிச்சை பலித்தபோது, அவர்களின் பிள்ளைகளிடமும் மனநலச் சிக்கல்கள் குறைந்ததாக 2006-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. ஆகவே தன் நலத்துக்காக மருத்துவரைப் பார்க்கப் போகும் தாய் பிள்ளையைப் புறக்கணிக்கவில்லை.

ஒரு நல்ல பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்கிறார்களே?

அந்த எண்ணுக்கு நல்ல ஆதாரம் இல்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் பெரியவர்களிடம் நடத்திய ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் விட்டுப்போனது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. ஆகவே ஒரு நேரத்தில் ஒரே பழக்கத்தை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு அதைக் கட்டிவிடுங்கள். தவறிய நாளுக்குத் தண்டனை தேவையில்லை.

வீட்டில் தாத்தா பாட்டியும் பெற்றோரும் வெவ்வேறு விதி வைத்தால்?

எல்லாவற்றிலும் ஒற்றுமை தேவையில்லை. தூக்க நேரம், அடிக்காமை, பாதுகாப்பு ஆகிய மூன்றில் மட்டும் பெரியவர்கள் பிள்ளை இல்லாதபோது பேசி ஒரே முடிவுக்கு வாருங்கள். மற்றவற்றில் பாட்டி வீட்டு வழக்கம் வேறு, நம் வீட்டு வழக்கம் வேறு என்பதைப் பிள்ளைகள் எளிதில் புரிந்துகொள்ளும்.

'செத்துவிடலாம் போலிருக்கிறது' என்று பிள்ளை சொன்னால் என்ன செய்ய வேண்டும்?

சும்மா மிரட்டுகிறது என்று ஒருபோதும் தள்ளிவிடாதீர்கள். எந்த வேலையாக இருந்தாலும் நிறுத்திவிட்டு உட்கார்ந்து, பதறாத குரலில் நேரடியாகக் கேளுங்கள்: 'சாக வேண்டும் என்று நினைக்கிறாயா? எப்படி என்றும் யோசித்திருக்கிறாயா?' கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. பதின்ம வயதினரிடம் இதைச் சோதித்த ஆய்வுகள், கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்றே காட்டியுள்ளன. மறைத்துச் சுமந்ததைச் சொல்ல இடம் கிடைத்ததே பலருக்கு ஆறுதலாகிறது. 'உனக்கு என்ன குறை வைத்தோம்?' என்று கேட்பதும், 'நீ போனால் எங்கள் கதி என்ன?' என்று அழுவதும் வேண்டாம். சொன்னதற்கு நன்றி கூறுங்கள்.

எண்ணம் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். மருந்துகள், நச்சுப் பொருள்கள் முதலியவற்றைப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் பூட்டிவிடுங்கள். இந்த ஒரு செயலே உயிர்களைக் காக்கிறது, ஏனென்றால் ஆபத்தான உந்துதல் பல நேரங்களில் சிறிது நேரமே நீடித்து அடங்கிவிடுகிறது. அன்றே மருத்துவரிடமோ அவசரச் சிகிச்சைப் பிரிவிலோ காட்டுங்கள், அல்லது உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். 'யாரிடமும் சொல்லாதே' என்று பிள்ளை கேட்டால் அந்த வாக்குறுதியை மட்டும் கொடுக்கக் கூடாது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்ட தழும்புகளைக் கண்டாலும் இதே நிதானம் வேண்டும். சாகும் எண்ணமின்றி, தாங்க முடியாத உணர்ச்சியைத் தணிக்கவும் அப்படிச் செய்வதுண்டு; ஆயினும் அதற்கும் தொழில்முறை உதவி தேவை.

யாரிடம் போவது? மருந்து கொடுத்துவிடுவார்களோ?

முதலில் குழந்தைநல மருத்துவரிடமோ குடும்ப மருத்துவரிடமோ போகலாம். இரத்தசோகை, தைராய்டு கோளாறு, பார்வைக் குறை, காதுகேளாமை போன்றவை மனச்சிக்கல் போலத் தோன்றுவதுண்டு. அவற்றை அவர் சோதித்துவிடுவார். உளவியலாளர் பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை அளிப்பார். மனநல மருத்துவர் தேவைப்பட்டால் மருந்தும் எழுதுவார். மிதமான பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் பெரும்பாலும் பேச்சுவழிச் சிகிச்சையே முதலில் தொடங்கப்படுகிறது. மருந்து தரப்பட்டால் எதற்காக, எத்தனை நாள், என்ன பக்கவிளைவு, எப்போது மறுபடி வர வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். கொஞ்சம் தெளிந்ததும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எங்கே போகிறோம் என்பதை மறைத்துப் பிள்ளையை அழைத்துச் செல்வது நல்லதல்ல. 'உன் மனத்தில் இருக்கும் பாரத்தைக் குறைக்க உதவும் ஒருவரைப் பார்க்கப் போகிறோம். ஊசி போட மாட்டார், பேசுவார். நீ கேட்க விரும்புவதையும் கேட்கலாம்' என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். பதின்ம வயதினருக்கு அவரோடு தனியாகப் பேச நேரம் ஒதுக்கச் சொல்லி, அந்த நேரத்தில் நீங்கள் வெளியே காத்திருங்கள். திரும்பி வரும் வழியில் 'என்ன சொன்னாய்?' என்று கேட்காதீர்கள்.